இரு தீர்மானங்கள், இரு மௌனங்கள்

1962இல் நாகர்கோவில் தொகுதியின் மக்களவை உறுப்பினர் மார்ஷல் நேசமணி, 1971இல் காமராஜர். முன்னவர் ஆளுங்கட்சி வரிசையில் இருந்தார். பின்னவர், காங்கிரஸ் பிளவுக்குப்பின், எதிர்வரிசையில். நாட்டின் தென்கோடிக்கு இமயத்தில் நடந்த சீனப் போரும் பாகிஸ்தானோடு நடந்த வங்கத்துப் போரும் இவ்விருவர் இருந்த அவை வழியாகவே வந்தன. அந்த அவை தன் தளபதியோடு இருமுறையும் எப்படிப் பேசியது?

நேருக்கு நேர் பேசவே இல்லை என்பது முதல் ஒற்றுமை. 1962இல் தரைப்படைத் தளபதியாக இருந்த தாப்பரும் 1971இல் அப்பதவியில் இருந்த மானெக்‌ஷாவும் அவையில் வாய்திறக்க வழியில்லை. அவர்கள் சொல்வது பாதுகாப்பு அமைச்சர், பிரதமர் வழியாகவே அவைக்குப் போகவேண்டும். அவை சொல்வதும் அவ்வழியாகவே திரும்பவேண்டும். அந்த ஒற்றை வாசலில் எது நுழைந்தது, எது நின்றுபோனது என்பதில்தான் இரண்டு போர்களும் பிரிகின்றன.

1962இல் அவையின் சூடு இராணுவத்தை எட்டியது; இராணுவத்தின் ஐயம் அவையை எட்டவில்லை. இதன் வேர் 1959இல் இருக்கிறது. தளபதி திம்மையா பதவி விலக முன்வந்த செய்தி நாளிதழில் வெளியானபோது, நேரு அவையில் எழுந்து, அவரை மனம் மாறச் செய்துவிட்டதாகச் சொன்னதோடு அவரைக் குறையும் கூறினார். மாற்றுக் கருத்துள்ள தளபதிக்கு என்ன நேரும் என்பதை அடுத்து வந்தவர்கள் அன்றே கண்டுகொண்டார்கள் என்பது என் கணிப்பு. 1962 அக்டோபரில் கொழும்புக்குப் புறப்படும்போது நேரு, சீனரை நம் மண்ணிலிருந்து அகற்றப் படைக்கு ஆணையிட்டிருப்பதாக நிருபர்களிடம் சொன்னார். களத்தின் நிலையோ வேறு.

1971இல் ஐயம் முதலில் வந்தது. பருவமழை நெருங்குகிறது, படை ஆயத்தமாக இல்லை, சீனர் தலையிட முடியாதபடி இமயக் கணவாய்கள் பனியால் மூடும்வரை பொறுப்பது நல்லது என ஏப்ரலில் அமைச்சரவையிடம் எடுத்துரைத்ததாக மானெக்‌ஷா பிற்காலத்தில் சொன்னார். வரலாற்றாசிரியர் சிலர் இந்த நினைவுகூரலை அப்படியே ஏற்பதில்லை. எனினும் போர் டிசம்பர் வரை தொடங்கவில்லை.

தீர்மானங்களை அருகருகே வைத்தால் வேறுபாடு இன்னும் துலங்கும். இரண்டும் ஒருமனதாக நிறைவேறியவை. 1962 நவம்பர் 14ஆம் தேதித் தீர்மானம், போராட்டம் எவ்வளவு நீண்டாலும் ஆக்கிரமிப்பாளரை விரட்டியே தீர்வோம் என உறுதி பூண்டது. அதே நாளில் வடகிழக்கு எல்லையின் வாலோங்கில் நம் படை தாக்குதலில் இறங்கியது; இரண்டே நாளில் வாலோங் கைவிட்டுப் போயிற்று. 1971 மார்ச் 31ஆம் தேதித் தீர்மானமோ கிழக்கு வங்க மக்களுக்கு ஆதரவையும் அனுதாபத்தையும் உறுதிசெய்தது. படை நகர்வு பற்றி எதுவும் இல்லை, கெடுவும் இல்லை. உணர்ச்சியில் குறைவில்லாத அந்தத் தீர்மானம் தளபதியின் கையைக் கட்டவில்லை.

ஆனால் எதிர்பாராத உறவு ஒன்று இங்கே தென்படுகிறது. 1971இலும் அவையிடம் எல்லாம் சொல்லப்படவில்லை. எதிர்க்கட்சிகள் வங்கதேசத்தை உடனே அங்கீகரிக்கக் கேட்டுக்கொண்டேயிருந்தன. தளபதி கேட்ட அவகாசத்தைக் காரணமாக அவையில் சொல்ல அரசால் முடியாது, சொன்னால் எதிரிக்கும் அது தெரிந்துவிடும். ஆகவே அரசு வசவைத் தானே தாங்கிக்கொண்டது. 1962இன் மௌனம் உள்ள நிலையை மறைத்து அவையைத் தவறான நம்பிக்கையில் வைத்தது. 1971இன் மௌனம் தளபதிக்கு அவகாசம் வாங்கித் தந்தது. மறைத்தல் இரண்டிலும் ஒன்றே. யாரைக் காக்க மறைத்தார்கள் என்பதை வைத்தே இரண்டையும் எடைபோடவேண்டும் என நினைக்கிறேன்.

முடிவுச் செய்திகள் அவைக்கு வந்த விதமும் வேறு. 1971 டிசம்பர் 16 அன்று மாலை டாக்காவில் சரணடைவு ஆவணம் கையெழுத்தாகிச் சிறிது நேரத்திலேயே பிரதமர் இந்திரா காந்தி மக்களவையில் பாகிஸ்தான் படையின் சரணடைவை அறிவித்தார். 1962 நவம்பர் 19 அன்று நேரு விமானப்படை உதவி கேட்டுக் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு எழுதிய கடிதங்களை அவை அப்போது அறியவில்லை. தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையின் சாரத்தை 1963 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் சவாண் அவையில் கூறினார். அறிக்கையை அரசு இன்னும் அவையின் முன் வைக்கவில்லை.