முட்டைக் கருவும் உயிரின் மதிலும்

கானாடுகாத்தானின் நெடிய மாளிகைகளைக் காணச் செல்வோர், அவற்றின் சுவரைக் கையால் தடவிப் பாராமல் மீளுவதில்லை. சுண்ணாம்பை மைபோல் அரைத்து, கடுக்காயும் முட்டையின் வெள்ளைக் கருவும் கூட்டிப் பூசிய சுவர்கள் அவை. நூறாண்டு சென்றும் பளிங்கெனக் குளிர்ந்து நிற்கின்றன. வெள்ளைக் கருவின் பெருமை இவ்வாறு ஊரறிந்தது. மஞ்சட் கருவின் பெருமையையே நேயர்களுக்கு நான் சொல்ல விழைகிறேன். வெள்ளைக் கரு வீட்டுச் சுவருக்கு உதவிற்று. மஞ்சட் கருவோ, உயிரணுவின் சுவர் எதனால் ஆனது என்பதை அறிய வழி காட்டிற்று.

பாரிஸ் நகரத்து மருந்தாளர் கோப்லி என்பார், 1840-களில் மஞ்சட் கருவிலிருந்து பாஸ்பரஸ் கலந்த கொழுப்பு ஒன்றைப் பிரித்தெடுத்தார். மஞ்சட் கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு, 1850-இல் அதற்கு லெசித்தின் எனப் பெயரிட்டார். அதன் தலை நீரை நாடும். இரு வால்களும் நீரை வெறுக்கும். இந்த இருவேறு குணமே மதிலின் இரகசியம்.

1925-இல் ஹாலந்து நாட்டில் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர், செங்குருதி அணுக்களின் கொழுப்பை எடுத்து, நீரின்மேல் ஓரடுக்காகப் பரப்பி அளந்தனர். அணுக்களின் மேற்பரப்பைப்போல் அஃது இருமடங்கு இருந்தது. ஆகவே, மதில் ஈரடுக்கு உடையது; தலைகள் உள்ளும் புறமும் நீரை நோக்க, வால்கள் நடுவே ஒளிந்துகொள்கின்றன. அவர்தம் அளவையில் பின்னாளில் இரு பிழைகள் காணப்பட்டன. அவை ஒன்றையொன்று ஈடுசெய்தமையால், முடிவு மட்டும் சரியாகவே அமைந்தது!

மயிரிழையில் ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒரு பங்கு கனமுள்ள இம்மதிலில் மூவகைக் கொழுப்புகள் உள. பெரும்பகுதி லெசித்தின் போன்ற பாஸ்பரஸ் கொழுப்பு. விலங்குகளின் அணுக்களில் இடையிடையே நிற்கும் கொலஸ்டிரால், மதில் மிக இளகாமலும் மிக இறுகாமலும் காக்கிறது. மூன்றாவது, வெளிப்புறத்தில் சர்க்கரைக் கிளை தாங்கிய கொழுப்பு. அது அணுவின் அடையாளம். இம்மதில் கல்லைப்போல் நிலைத்ததன்று, எண்ணெய்போல் நெகிழ்வது, புரதங்கள் அதில் மிதக்கின்றன என்று 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் விளக்கினர்.

இஃது ஏட்டளவில் நின்றுவிடும் செய்தியன்று. நம் நாட்டில் ஊர் ஊராக உயிர்களை வாரிச் சென்ற நோய் காலரா. அக்கிருமி வெளியிடும் நஞ்சே குடலில் நீரைப் பெருகச் செய்கிறது என்று 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் தே நிறுவினார். அந்நஞ்சு பற்றிக்கொள்ளும் பிடி, குடலணுவின் சர்க்கரைக் கொழுப்புகளுள் ஒன்றே என்பது 1970-களில் தெளிவாயிற்று. அடையாளமாக அமைந்ததே பகைவனுக்கு வாயிலும் ஆயிற்று. வீட்டுக்குக் காவல் வைக்க விரும்புவோன் முதலில் வாயில் எதுவென அறிதல் வேண்டும். உடலுக்கும் அதுவே முறை.