கொங்கு நாட்டுத் தாவரப் பதிவும் புறஊதாப் படமும்

ஸ்காட்லாந்து மருத்துவரான ராபர்ட் வைட், 1842 முதல் 1853 வரை கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் அரசுப் பண்ணைகளின் பொறுப்பில் இருந்தார். தாவரவியலில் பேரார்வம் கொண்டவர். தென்னிந்தியச் செடிகளை அவருக்காக ரங்கையாவும், அடுத்து கோவிந்துவும் வரைந்தனர். 1838 முதல் 1853 வரை வெளிவந்த 'ஐகோன்ஸ் பிளாண்டாரம் இண்டியே ஓரியண்டாலிஸ்' நூலில் 2,000-க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. ஆர்க்கிட் பேரினம் ஒன்றுக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார்.

அவை வண்ணமற்ற கல்லச்சுப் படங்கள். இதழ், மகரந்தத்தாள், சூலகத்தின் வெட்டுத்தோற்றம் எல்லாம் அவற்றில் உண்டு. வண்ணம் தீட்டியிருந்தாலும் மனிதக் கண்ணுக்குத் தெரிந்த நிறமே பதிவாகியிருக்கும்.

எறும்புகள் புறஊதா ஒளியை உணர்வதை 1880-களில் ஜான் லப்பக் சோதித்துக் காட்டினார். 1924-இல் ஆல்ஃபிரட் கூன் தேனீக்களுக்கும் அந்த உணர்வு உண்டென நிறுவினார். அதே காலத்தில் நியூயார்க்கில் ஃபிராங்க் லுட்ஸ் பூக்களின் புறஊதாத் தோற்றத்தை ஆராய்ந்தார். கொங்குக் காடுகளில் பயிராகும் சூரியகாந்தியே நல்ல எடுத்துக்காட்டு. நமக்கு அதன் ஓரத்து இதழ்கள் முழுக்க மஞ்சள். புறஊதாப் படத்தில் இதழ் நுனி வெளிர்ந்தும் அடிப்பகுதி கருத்தும் தெரியும். அடியில் உள்ள ஃபிளேவனால் நிறமிகள் புறஊதாவை உறிஞ்சுவதே காரணம்.

சாதாரணக் கேமராவில் இது பதியாது. சென்சாரின் மேலுள்ள வடிகட்டி புறஊதாவைத் தடுத்துவிடும். அதை நீக்கி, ஏறத்தாழ 320 முதல் 400 நானோமீட்டர் வரையிலான ஒளியை மட்டும் விடும் வடிகட்டியை லென்ஸில் பொருத்துவார்கள். முக்காலியை அசைக்காமல் கண்ணுறு ஒளியில் ஒன்று, புறஊதாவில் ஒன்று எனப் படமெடுத்து ஒப்பிடுவார்கள். இதைத் 'தேனீயின் பார்வை' என்பது மிகை. தேனீ நீலத்தையும் பச்சையையும் சேர்த்தே காண்கிறது.

உலர்ந்த பூவிலும் இந்த நிறமிகள் தங்குவதுண்டு. 1941 முதல் 2017 வரை சேகரிக்கப்பட்ட 42 இனங்களின் 1,238 உலர்மாதிரிகளை மாத்யூ கோஸ்கியின் குழு புறஊதாவில் படமெடுத்து, 2020-இல் முடிவுகளை வெளியிட்டது. மகரந்தப்பை வெளியே தெரியும் பூக்களில், ஓசோன் குறைந்த இடங்களில் புறஊதா நிறமி கூடியிருந்தது. மகரந்தப்பை இதழுக்குள் மறைந்த பூக்களில் வெப்பம் ஏற ஏற அது குறைந்திருந்தது.

கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில், இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையத்தில் சென்னை ஹெர்பேரியம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு முதல் சேர்ந்த உலர்மாதிரிகள் அங்கே தாள்களில் ஒட்டப்பட்டுள்ளன. பறித்த இடமும் நாளும் எழுதிய தாள்கள், இத்தகைய ஒப்பீட்டுக்கு ஏற்றவை. வைட்டின் ஓவியர்கள் காண முடியாத நிறத்தைத் தேட வேண்டிய இடம் அது.