ஒரு மாலைப்பொழுதைத் திருப்பிக் கட்டிய கதை: வோ-லெ-விகோம்த்

வெர்சாய் அரண்மனையைக் கேள்விப்படாத ஆக்கள் எங்களுக்குள் குறைவு. பாரிஸில் சொந்தக்காரர் இருக்கிற வீடு எண்டால், அந்தத் தங்க வாசலுக்கு முன்னால் நின்று எடுத்த படம் ஒன்றாவது வட்ஸ்அப்பில் வந்திருக்கும். அந்த வெர்சாய்க்கு ஒரு அண்ணன் இருக்கிறான். பாரிஸிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில், மெலன் நகரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற வோ-லெ-விகோம்த் மாளிகைதான் அது. வெர்சாயைப் பெருப்பித்துக் கட்டிய கட்டடக்கலைஞர், ஓவியர், தோட்டக்காரர் மூன்று பேரும் முதலில் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்தது இங்கேதான்.

இந்த மாளிகை இண்டைக்கு "மீட்டெடுக்கப்பட்ட" மாளிகை என்று கொண்டாடப்படுகிறது. எதை மீட்டெடுத்தார்கள் என்பதுதான் எங்களுக்கு இருக்கிற கேள்வி. அதுக்கு முதல் அது தொலைந்த கதையைப் பார்க்கவேணும்.

நிக்கொலா ஃபூக்கே என்பவர் 1641இல் இந்தக் காணியை வாங்கினார். 1653இல் பிரான்ஸின் நிதிப் பொறுப்பாளர் ஆனார். கையில் காசும் கண்ணில் ரசனையும் சேர்ந்து இருந்த ஆள். கட்டடத்துக்கு லூயி லெ வோ, உள் அலங்காரத்துக்கு ஷார்ல் லெ ப்ரன், தோட்டத்துக்கு ஆந்த்ரே லெ நோத்ர். (லெ வோவின் பெயருக்கும் இடத்தின் பெயருக்கும் தொடர்பு ஒன்றுமில்லை, தற்செயல்தான்.) 1656இல் தொடங்கிய மாளிகை வேலை ஐந்து வருடத்தில் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. தோட்டத்துக்கு இடம் வேணும் என்று மூன்று சின்னக் கிராமங்கள் அகற்றப்பட்டன, ஒரு ஆறு திருப்பி வாய்க்காலாக்கப்பட்டது. திரைச்சீலை நெய்யிறதுக்கு என்றே பக்கத்து மென்சி ஊரில் ஒரு பட்டறை வைத்தார்கள்.

1661 ஆவணி 17. இருபத்திரண்டு வயது அரசன் பதினான்காம் லூயிக்கு இங்கே விருந்து. மொலியேர் இந்த விருந்துக்கென்றே இரண்டு கிழமைக்குள் எழுதித் தயாரித்த ஒரு நகைச்சுவை நாடகம், நடனம், நீரூற்றுகள், வாணவேடிக்கை. சாப்பாட்டைப் பொறுப்பெடுத்தது வாத்தெல். பத்து வருடம் கழித்து வேறொரு பிரபுவின் விருந்துக்கு மீன் நேரத்துக்கு வரவில்லை என்று தன்னையே குத்திச் செத்துப்போன அதே வாத்தெல்தான். மூன்று கிழமை போகவில்லை, செப்டெம்பர் 5ஆம் திகதி நாந்த் நகரத்தில் வைத்து ஃபூக்கே கைதானார். கைது செய்தவர் தார்த்தானியன். ஓம், நாவலிலும் படத்திலும் வருகிற அந்த வாள்வீரனுக்கு மூலமான உண்மையான ஆள். அண்டைக்கு அரசனுக்குப் பிறந்தநாளும்கூட.

"மந்திரியின் வீடு தன் வீட்டைவிட வடிவாக இருக்குதே எண்டு அரசனுக்குப் பொறாமை, அதாலதான் பிடிச்சு அடைச்சான்." சுற்றுலா வழிகாட்டிகளிலும் யூடியூப் காணொளிகளிலும் இந்தக் கதைதான் ஓடும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் திகதிகளை அடுக்கிப் பார்த்தால் கதை உடைந்துவிடும். அரசனை ஆட்டிவைத்த கர்தினால் மசரின் செத்தது 1661 மார்ச்சில். அந்த வைகாசியிலேயே ஃபூக்கேயைத் தூக்குகிற முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்பதைத்தான் வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். இன்னொரு விசயமும் இருக்கு. ஃபூக்கே பாரிஸ் உயர் நீதிமன்றத்தின் தலைமை வழக்குரைஞராகவும் இருந்தார். அந்தப் பதவியில் இருக்கிறவரை அந்த நீதிமன்றம்தான் அவரை விசாரிக்கலாம். அவர்களோ தங்கள் ஆளை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆகவே அந்தப் பதவியை விற்கச் சொல்லி அவருக்கு ஆசை காட்டினார்கள். விருந்து நடந்த அதே மாதத்தில் அவரும் விற்றுப்போட்டார். வாணவேடிக்கையைப் பார்த்தவன் ஏற்கனவே வலையை விரித்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

அப்ப ஏன் பிடித்தார்கள்? காசுக் கணக்குத்தான். அந்தக் காலத்தில் பிரான்ஸ் அரசு யுத்தத்துக்குத் தேவையான பணத்தை வட்டிக்காரர்களிடம் கடன்பட்டே திரட்டியது. அரசை நம்பி ஒருத்தரும் கடன் தரமாட்டார்கள், ஏனெண்டால் அரசு அடிக்கடி கையை விரிக்கும். ஆனால் ஃபூக்கேயின் சொந்தப் பெயரை நம்பித் தருவார்கள். இப்படி அரசின் கணக்கும் ஃபூக்கேயின் கணக்கும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்து போனது. அதில் அவரும் நல்லாச் சம்பாதித்தார் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை, இந்த மாளிகையே சாட்சி. ஆனால் அவரைவிடக் கனக்கச் சேர்த்தவர் மசரின். அக்காலப் பிரான்ஸில் தனி ஆள் ஒருவர் விட்டுச்சென்ற சொத்துகளில் மிகப்பெரியது அவருடையது. அந்தச் சொத்தைப் பராமரித்தவர் கொல்பேர். ஃபூக்கேக்கு எதிராக வழக்குக் கட்டியவரும் அதே கொல்பேர். ஒரு ஆளைக் கள்ளன் ஆக்கினால் செத்துப்போன பெரிய ஆளின் கணக்கை ஒருத்தரும் கிளறமாட்டார்கள். இந்த வித்தை எந்த நாட்டுக்கும் புதிசில்லை.

விசாரணை மூன்று வருடம் இழுபட்டது. அதுக்கென்றே உருவாக்கின விசேட நீதிமன்றம், அரசதரப்பு தெரிவு செய்த நீதிபதிகள். அப்படியிருந்தும் 1664 டிசம்பரில் தீர்ப்பு வந்தபோது மரணதண்டனை கேட்டவர்கள் 9 பேர், நாடுகடத்தினால் போதும் என்றவர்கள் 13 பேர். நாடு முழுக்க எதிர்பார்த்துக் கொண்டிருந்த வழக்கு அது. மன்னர்கள் தண்டனையைக் குறைப்பதுதான் வழக்கம். பதினான்காம் லூயி அதைக் கூட்டினான். நாடுகடத்தல் ஆயுள் சிறையானது. ஃபூக்கே அல்ப்ஸ் மலையடியில், இப்போது இத்தாலிக்குள் இருக்கிற பினெரோல் கோட்டையில் அடைக்கப்பட்டு 1680இல் அங்கேயே செத்தார். "இரும்பு முகமூடி மனிதன்" என்று பிறகு கதைகட்டப்பட்ட கைதி அந்தச் சிறையில் கொஞ்சக் காலம் ஃபூக்கேக்குப் பணியாளாக இருந்தவர். அந்த முகமூடிக் கதையை வைத்து 1998இல் ஹொலிவூட் படமெடுத்தபோது சில காட்சிகளைப் பிடித்தது வோ-லெ-விகோம்த்தில். ஃபூக்கே திரும்பிப் பார்க்காத வீட்டுக்குக் கமராக்காரர் போய் வந்துவிட்டார்கள்.

மாளிகைக்கு முத்திரை வைத்தார்கள். திரைச்சீலைகள், சிலைகள், தோடை மரங்கள் எல்லாம் அரசனின் பக்கம் போயின. மூன்று கலைஞர்களும் போனார்கள். மென்சிப் பட்டறையின் ஆட்களும் தறிகளும் பாரிஸுக்குப் போய், பிறகு உலகப் புகழ்பெற்ற கொப்லன் பட்டறைக்கு அடித்தளமானது. ஃபூக்கேயின் மனைவிக்கு வெறும் வீட்டைத் திருப்பிப் பெறவே பத்து வருடமளவில் எடுத்தது. 1705இல் தளபதி வில்லார், 1764இல் ப்ராலன் குடும்பம் என்று கை மாறியது. நீரூற்றுகள் வற்றின, ஈயக் குழாய்கள் விலைபோயின. 1847இல் ப்ராலன் பிரபு பாரிஸ் வீட்டில் தன் மனைவியைக் கொலை செய்துவிட்டு நஞ்சு குடித்துச் செத்தான். அதுக்குப் பிறகு கிட்டத்தட்ட முப்பது வருடம் மாளிகையில் ஆளில்லை.

1875இல் ஏலத்துக்கு வந்தபோது வாங்கியவர் அல்ஃப்ரெட் சொமியே. பிரபு இல்லை, சீனி சுத்திகரிப்பு ஆலை முதலாளி. கூரை ஒழுகுது, உள்ளே தளபாடம் இல்லை, தோட்டம் பற்றையாகிக் கிடக்குது. கட்டடத்துக்குத் தெஸ்தாயர் என்ற கட்டடக்கலைஞரையும் தோட்டத்துக்கு எலி லெனே என்பவரையும் பிடித்து, 1908இல் சாகும்வரை சொமியே காசைக் கொட்டினார். தோட்டம் எப்படி இருந்தது என்று தெரிய அவர்கள் பார்த்தது பதினேழாம் நூற்றாண்டில் இஸ்ராயேல் சில்வெஸ்த்ர் செதுக்கிய படங்களை. செதுக்கற்படம் எண்டால், இருந்ததை மட்டுமில்லாமல் இருக்கப்போவதையும் காட்டுகிற சாமான். கொஞ்சம் யோசிக்கவேண்டிய இடம் இது.

லெ நோத்ரின் தோட்டம் உண்மையில் கண்ணை ஏமாற்றுகிற தோட்டம். மாளிகைப் படியில் நின்றால் முழுத் தோட்டமும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிட்ட மாதிரித் தெரியும். தூரத்தில் சதுரக் குளம் ஒன்று, அதன் கரையோடு ஒட்டினபடி குகை மாதிரிக் கட்டின சுவர். நடக்கத் தொடங்கினால்தான் பிடிபடும். தூரத்துக் குளங்களைக் கிட்டத்துக் குளங்களைவிடப் பெரிசாக வெட்டியிருக்கிறான், ஆகவே எல்லாம் ஒரே அளவாகத் தெரிகிறது. குளத்தங்கரைக்குப் போனால் குகைச்சுவர் அங்கே இல்லை. காலுக்குக் கீழே பள்ளத்தில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமான வாய்க்கால் ஒளிந்து கிடக்கிறது, குகைச்சுவர் அதுக்கும் அக்கரையில். நடக்க நடக்கப் பின்வாங்குகிற தோட்டம்! சரிவையும் தூரத்தையும் நீரையும் வைத்துக் கணக்குப் பண்ணிச் செய்த வேலை. வெர்சாயின் பிரம்மாண்டத்தைவிட எங்களுக்கு இந்தக் குறும்புத்தனம்தான் பிடிக்குது. இந்த எலும்புக்கூடு லெ நோத்ருடையதுதான், அதில் சந்தேகமில்லை.

ஆனால் மேலே போர்த்தியிருக்கிற தோல்? அக்கரைச் சரிவின் உச்சியில் நிற்கிற பொன் பூசிய ஹெர்குலிஸ் சிலையை எல்லாரும் படம் பிடிப்பார்கள். பழைய திட்டத்தில் அப்படியொரு சிலை இருந்தது. ஃபூக்கேயின் காலத்தில் அது அங்கே வைக்கப்படவில்லை, சொமியேதான் வைத்தார். மாளிகைக்கு முன்னால் தரையில் விரித்த கம்பளம் மாதிரி இருந்த சுருள்சுருளான பச்சைக் கோலத்தை வரைந்தவர் அஷில் துஷேன். அது 1920களின் வேலை. காலி அறைகளுக்கான தளபாடங்கள் வேறெங்கோ இருந்து தேடி வாங்கியவை. எங்கள் பார்வையில் இது ஏமாற்று இல்லை, சொமியே இல்லாவிட்டால் அங்கே இண்டைக்குக் கற்குவியல்தான் கிடந்திருக்கும். ஆனால் அவர் மீட்டெடுத்தது ஒரு கட்டடத்தை மட்டுமல்ல. 214 வருடத்துக்கு முந்தின ஒரு மாலைப்பொழுதை, அது முழுசாக நடந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படிக் கட்டினார். விருந்து மீண்டது. விருந்துக்குக் காசு எங்கேயிருந்து வந்தது என்பதும், இடம் கொடுத்த மூன்று கிராமங்களும் மீளவில்லை. கனவான்களின் வீட்டைச் சீனிக் காசு வாங்கிப் புதுப்பிப்பதும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வரலாறுதான். அதையும் சேர்த்தே பார்க்கவேணும்.

ஒரு இடத்தில் மட்டும் அந்த மாலை நின்றுபோனது பச்சையாகத் தெரியும். நடுவிலுள்ள நீள்வட்டப் பெருமண்டபத்தின் குவிமாடத்தில் லெ ப்ரன் சூரியனின் மாளிகையை வரையத் திட்டம் போட்டு வைத்திருந்தார். கைதோடு வேலை நின்றது, அந்த ஓவியம் வரையப்படவேயில்லை. அதே லெ ப்ரன் பிறகு வெர்சாயில் எத்தனையோ கூரைகளை "சூரிய மன்னனுக்காக" நிரப்பினார்.

முதலாம் உலக யுத்தத்தில் மாளிகை காயப்பட்ட இராணுவத்தினருக்கான ஆசுப்பத்திரியாக இருந்தது. 1968இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். சொமியேயின் வழிவந்த வொகுவே குடும்பத்திடம்தான் இன்னும் இருக்கிறது. டிக்கற் விற்று, கலியாணத்துக்கும் படப்பிடிப்புக்கும் வாடகைக்கு விட்டு, கோடைச் சனிக்கிழமைகளில் ஆயிரக்கணக்கில் மெழுகுதிரி கொளுத்திக் கூரைக்குக் காசு தேடுகிறார்கள். பழைய ஜேம்ஸ் பொண்ட் படமான மூன்ரேக்கரில் வில்லனின் வீடாக வருவதும் இதுதான்.

கடைசியாக வந்த இடைஞ்சல் ஒரு பூச்சி. துஷேனின் கோலம் முழுக்க பொக்ஸ் என்ற குட்டைச் செடியால் ஆனது. ஐரோப்பா முழுக்க அந்தச் செடியைத் தின்று தீர்க்கிற அந்துப்பூச்சியின் புழுவும் ஒரு பூஞ்சண நோயும் சேர்ந்து அதையும் பிடித்தன. 2019 அளவில் செடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போதைக்கு என்று பத்ரிக் ஊர்காத் என்ற கலைஞர் அலுமினியத் தகட்டால் நாடா மாதிரி வளைத்துப் போட்டார். வெயில் பட்டால் மினுங்கும், வானத்தைக் காட்டும். திருப்பி நடுவதென்றால் எந்தக் கோலத்தை நடுவது, 1920களின் துஷேனையா, படத்தில் இருக்கிற லெ நோத்ரையா?