நாயின் சீற்றமும் மனிதனின் கோலும்

சீறும் நாயை அடித்து அடக்கவேண்டும் என்பது பலருடைய முடிந்த முடிபு. அடிபட்ட நாய் வாலை ஒடுக்கிப் பதுங்குகின்றது. உடனே அதன் சினம் தணிந்துவிட்டதென நாம் மகிழ்கின்றோம். இம்முடிபு எவ்வாறு வலுப்பெற்றது, எவ்வாறு தகர்ந்தது என்பதை ஆராய்வோம்.

ஜெர்மானியப் போலீஸ் அதிகாரியாகிய கான்ராட் மோஸ்ட் என்பார், நாய்ப் பயிற்சி பற்றி 1910-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நாய்க்கு நீதியுணர்வு இல்லை. ஒரு செயலையடுத்து உடனே நேரும் இன்பமோ துன்பமோதான் அதற்கு ஆசான் என்று அவர் கண்டது உண்மையே. எனினும், கட்டாயமும் கோலும் அவர் முறையில் பேரிடம் பெற்றன.

பின்னர், 1947-இல் ருடால்ப் ஷெங்கல் என்பார், ஸ்விட்ஸர்லாந்தின் பாசல் நகர விலங்குச் சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களை ஆராய்ந்து, அவை தலைமைக்காகப் பொருவதை விரித்தெழுதினார். ஓநாயின் இனமன்றோ நாய்! ஆகவே மனிதன் அதற்குத் தலைவனாகி அடக்கியாள வேண்டுமெனப் பலர் துணிந்தனர். அமெரிக்காவில் நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள், முரட்டு நாயை மல்லாத்தி அழுத்தும் முறையை 1978-இல் தம் நூலில் கூறினர்.

இக்கட்டடத்தின் அடிக்கல்லே பிழை. 1970-இல் தாம் எழுதிய நூலால் அத்தலைமைக் கொள்கையைப் பரப்பிய டேவிட் மீச் என்னும் அறிஞரே, காட்டு ஓநாய்க் கூட்டமென்பது தாய், தந்தை, குட்டிகள் அடங்கிய குடும்பமே என்று 1999-இல் விளக்கினார். துறவிகளும் 2002-ஆம் ஆண்டுப் பதிப்பில் அம்முறையைக் கைவிட்டனர். 2009-இல் வெளிவந்த பென்சில்வேனியாப் பல்கலைக் கழக ஆராய்ச்சியில், நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவருள் 100-க்கு 43 பேர் எதிர்ச் சீற்றத்தையே கண்டனர்.

காரணம் யாது? பெரும்பாலும் சீற்றத்தின் வேர் அச்சமே. உறுமல், கடிக்குமுன் நாய் தரும் எச்சரிக்கை. உறுமுந்தோறும் அடித்தால் அச்சம் பெருகும். எச்சரிக்கை மட்டும் மறையும். பின்னர் அந்நாய் ஓசையின்றிக் குழந்தையைக் கடிக்கும். நாமோ அது நன்றி கெட்டதென்று தூற்றிக் கொல்வோம்.

அச்சத்தை நீக்கும் வழியை, நாயன்று, ஒரு சிறுவன் காட்டினான். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார், முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்னும் சிறுவன் உணவருந்தும்போது, முயலைத் தொலைவில் வைத்துச் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். முடிவில் அவன் அதைத் தடவிக் கொடுத்தான். இன்று நாயைத் திருத்துவோர் கைக்கொள்வதும் இதுவே. அந்நியரை, நாய் உறுமாத தூரத்தில் நிறுத்துக. அவரைக் காணுந்தோறும் இறைச்சித்துண்டு தருக. நாய் அமைதியாயிருந்தால் மட்டும் நாளடைவில் தூரத்தைக் குறைக்க. உறுமினால் அடியாது பின்வாங்குக.

இதற்குப் பல வாரங்கள் வேண்டும். அதுவரை கயிறும் வாய்க்கூடும் தேவை. குழந்தைகளைத் தனியே அதனருகில் விடலாகாது. திடீரெனச் சீறத் தொடங்கிய நாய்க்கு நோவும் இருக்கலாம். மிருக வைத்தியரிடம் முதலில் காட்டுதல் முறை.

கோல் அச்சத்தை வளர்க்கும். அச்சம் பல்லைக் காட்டும். ஆகவே, நாயை அடித்துப் பணியவைப்பவன் தன் வீட்டாரைக் காக்கின்றான் அல்லன் என்பதே இவ்வரலாறு நமக்குப் புகட்டும் பாடம்.