பிலத்தின் வாயிலில் நனைந்த பறவைகள்

நாகலோகம், பாதாளம், பிலம் என்னும் சொற்களைக் கேட்டவுடன் அங்கு வாழ்வோர் யார் என்ற வினாவே முதலில் எழுகிறது. அங்கு நீர் எங்கிருந்து வருகிறது, ஒளி எது, உணவு எது என்ற வினாக்களும் அதே அளவு பயனுடையவை. நிலத்தடி உலகை நம் முன்னோர் எத்தகைய இயற்கைச் சூழலாகக் கற்பனை செய்தனர் என்பதை அவை காட்டுகின்றன.

வான்மீகியின் கிட்கிந்தா காண்டத்தில், நீர்வேட்கையால் வாடிய வானரர் இருண்ட குகை ஒன்றைக் காண்கின்றனர். அதிலிருந்து அன்னம், சாரசம், சக்கரவாகம் முதலிய பறவைகள் நனைந்த உடலோடும் தாமரைத் தாது படிந்த சிறகோடும் வெளிவருகின்றன. உள்ளே நீர்நிலை இருக்கவேண்டும் என அனுமன் ஊகிக்கிறான். கம்பர் இந்நிகழ்ச்சியைப் பிலம் புக்கு நீங்கு படலத்தில் பாடினார். மயன் அமைத்த அந்நகரில் கதிரவன் இல்லை. பொன்னும் மணியுமே ஒளி தருகின்றன. ஒளிக்கு மாயம் தேவைப்பட்டது. நீருக்கோ பறவைகளின் ஈரச் சிறகே சான்றாயிற்று.

தமிழ் மரபில் நாகர் உலகு முதலில் கடல் கடந்த நிலமாகவே தோன்றுகிறது. மணிமேகலையில் பீலிவளை என்னும் நாகநாட்டு இளவரசி புகாரின் கடற்கரைச் சோலையில் சோழனைச் சந்திக்கிறாள். அவள் பெற்ற மகன் மரக்கலத்தில் அனுப்பப்படுகிறான். பெரும்பாணாற்றுப்படைக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் காலத்தில் கதை மாறிவிட்டது. நாகப்பட்டினத்துச் சோழன் பிலத்துவாரத்தின் வழியே நாகலோகம் சென்று நாககன்னியோடு கூடுகிறான். பிறக்கும் மகனுக்குத் தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடுமாறு சொல்லித் திரும்புகிறான். திரை கொண்டுவந்து சேர்த்தமையால் குழந்தைக்குத் திரையன் என்று பெயர்.

தந்தை குகை வழியே சென்றான். மகன் அலை வழியே வந்தான். அப்படியானால் அந்நிலத்தடி உலகிற்கு ஒரு கடற்கரையும் உண்டு. வேலிகளில் படரும் தொண்டைக் கொடியும் உண்டு. நாகநாடு மண்ணுக்கடியில் இறங்கிய பின்னும் நெய்தல் நிலத்தின் சாயலை இழக்கவில்லை. வான்மீகியிடம் கண்டதுபோலவே இங்கும் கீழுலகை மேலுலகோடு இணைப்பது நீர்.

இவ்விணைப்பு கற்பனையோடு நின்றுவிடவில்லை. கேரளத்தின் செம்புரைக்கல் அடுக்குகளுக்கிடையே ஓடும் நிலத்தடி நீரில் வாழும் மீன்கள், பெரும்பாலும் கிணற்று நீரோடு வெளிவந்தே மனிதர் கண்ணில் பட்டுள்ளன. அவற்றுள் ஹோராகிளானிஸ் என்னும் சிறு கெளிற்று இனத்திற்குக் கண்களே இல்லை. உடல் இரத்தச் சிவப்பு. 2019இல் விவரிக்கப்பட்ட ஒரு மீனுக்குப் பாதாளம் புகுந்த மன்னன் மகாபலியின் பெயரும், அதே ஆண்டில் அதன் உறவினம் ஒன்றுக்கு டோல்கீன் படைத்த குகைவாசி கோலத்தின் பெயரும் இடப்பட்டன. 2022இல் மற்றொரு மீன் பாதாளா என்றே பெயர் பெற்றது. அங்கு மணியொளி இல்லை. ஒளியின்றிச் செடி வளராது. ஆகவே மேலிருந்து நீரோடு இறங்கும் உயிர்ப்பொருளே அவ்வுலகின் உணவுக்கு அடிப்படை. கிணற்றில் கலக்கும் நஞ்சும் அதே வழியில்தான் இறங்கும்.

இன்று நிலத்தடியை வெற்றிடமாகக் கருதும் பழக்கம் வலுத்திருக்கிறது. நவி மும்பையின் கோபர்கைரனேக்கு மேற்கே தானே கடற்கழி உள்ளது. மும்பை–அகமதாபாத் அதிவேக ரயிலுக்கான 21 கிலோமீட்டர்ச் சுரங்கத்தில் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் அக்கழிக்கு அடியில் செல்கிறது. அதற்கான துணைச் சுரங்கவழி அடுத்த ஊரான கன்சோலியில் அமைந்தது. மேலே அலையாத்திக் காடும் பூநாரைகளும். 2015இல் பூநாரைச் சரணாலயமான அக்கழி, 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. திட்ட வரைபடத்தில் சுரங்கம் ஒரு கோடு. கழி வேறொரு வண்ணம். இரண்டையும் நீரால் இணைந்த ஒரே சூழலாகப் படிக்கும் முறையைச் சூழலியலோடு பழைய இலக்கியமும் நமக்குக் கற்பிக்கிறது. குகைக்குள் நுழையும் முன் அனுமன் பறவைகளின் சிறகைத்தான் பார்த்தான்.