விலக்கா, இழப்பா? செமாய்த் தாய்மாரின் உணவு பற்றிய ஒரு மறுவாசிப்பு

மால்கம் போல்டன் 1972இல் அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்ட கட்டுரை, மேற்கு மலேசியப் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களின் உணவு விலக்குகளைப் பற்றியது. கோம்பாக் ஓராங் அஸ்லி மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் அவர். விலக்குகளின் பாரம் பெண்கள் மீதும் குழந்தைகள் மீதும் கூடுதலாக விழுகிறது என்பதே அவர் கவலை. ஓராங் அஸ்லியரில் ஒரு பிரிவினரான கேமரன் மலைச் செமாய்ப் பெண்களை வைத்துப் பார்த்தால், அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் அவர் குற்றவாளியைத் தேடிய இடம் தவறு என்று இக்கட்டுரை கருதுகிறது.

போல்டனைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1948இல் மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியபின் காட்டில் வாழ்ந்த ஓராங் அஸ்லி மக்கள் மறுகுடியேற்ற முகாம்களில் அடைக்கப்பட்டு, நோயிலும் ஏக்கத்திலும் பலர் மாண்டார்கள். அந்தக் கசப்புக்குப் பிறகு வளர்ந்ததே பூர்வகுடி மருத்துவச் சேவை. கோம்பாக் மருத்துவமனையின் தொடக்கம் 1957 என்று பொதுவாகக் குறிக்கப்படுகிறது. அங்கே நோயாளி தனியாக வரவில்லை, குடும்பமே உடன்வந்து தங்கியது. ஓராங் அஸ்லி இளைஞர்களே பயிற்சி பெற்று மருத்துவ உதவியாளர்களாகவும் தாதிகளாகவும் நின்றார்கள். இச்சேவையைப் பற்றிப் போல்டன் 1968இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். பண்பாட்டை மதிக்கும் மருத்துவம் என்று இன்று மாநாடுகளில் பேசப்படுவதன் பெரும்பகுதி கோம்பாக்கில் அப்போதே நடைமுறையில் இருந்தது.

அப்படியிருக்க, வார்டுக்குள் குடும்பத்தை அனுமதித்த அதே கண், தாயின் தட்டைப் பார்க்கும்போது ஏன் சுருங்கியது?

1972ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பிலேயே விடைக்கான ஓர் இழை இருக்கிறது. விலக்குகளை அவர் ஊட்டச்சத்து ஆபத்து என்று அறுதியிட்டுச் சொல்லவில்லை, ‘நேரக்கூடிய’ ஆபத்து என்றார். ஒரு சொல்தான். ஆனால் வாதம் முழுவதும் அதன்மேல் நிற்கிறது. நேரக்கூடியது என்றால் எப்போது நேரும்? விலக்கு தலைமுறை தலைமுறையாக இருந்தது, ஆபத்து மட்டும் இனிமேல் வரப்போகிறது என்றால், இடையில் மாறியது விலக்காக இருக்க முடியாது.

அந்த விலக்குகளின் இயல்பைக் காண இன்னொருவரிடம் போக வேண்டும். மானிடவியலாளர் ராபர்ட் டென்டன் செமாய் உணவுக் கட்டுப்பாடுகளையே பொருளாக எடுத்து, 1965இல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு அளித்தவர். அவர் எழுத்தில் இந்தக் கட்டுப்பாடுகள் ஒரு பகுப்பு முறையாகத் தெரிகின்றன. விலங்கு, பறவை, மீன், காளான் என்று வகைகள் உண்டு, ஒன்றோடொன்று கலக்கலாகாது என்ற கவனமும் உண்டு. கர்ப்ப காலத்திலும் பிள்ளைப் பருவத்திலும் அந்தக் கவனம் கூடுகிறது. தமிழ் வாசகருக்கு இது அந்நியமல்ல. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் சுறாப்புட்டும் கொடுத்து, குளிர்ச்சியானதைத் தள்ளிவைக்கும் பத்தியம் தோட்ட லயங்களிலும் உண்டு. பத்தியத்தில் தள்ளுவது பாதி, கொடுப்பது பாதி. கொடுக்க வேண்டியது கடையில் கிடைக்கும்வரை அது தாயை வாட்டுவதில்லை.

செமாய்ப் பெண்ணுக்குக் கடை என்பது ஆறும் காடும்தான். கேமரன் மலையில் அந்தக் கடை மூடப்பட்ட கதைக்குத் தேதிகள் உண்டு. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர் காய்கறிப் பண்ணைகள் சரிவுகளை மூடின. 1963இல் பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபு பக்கார் அணை எழுந்தது. சரிவு வெட்டப்பட்டால் மண் ஆற்றில் இறங்கும், ஆறு கலங்கினால் மீன் குறையும், காடு சுருங்கினால் சிறு விலங்கு அகலும். விலக்கப்பட்டவற்றின் பட்டியல் நீளவில்லை, அனுமதிக்கப்பட்டவை ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எஞ்சியது மரவள்ளிக் கிழங்கும் கடை அரிசியும். தாயின் இரத்தசோகைக்குக் காரணம் தேடுபவர் அவள் நம்பிக்கையிடம் போகுமுன் இந்த ஆற்றங்கரைக்கு வரவேண்டும்.

இந்த வாதத்தின் பலவீனமும் சொல்லப்பட வேண்டும். அணைக்கு முன் ஒரு செமாய்க் குடும்பம் எவ்வளவு மீன் உண்டது என்று எடைபோட்ட ஆவணம் எதன்மீதும் இக்கட்டுரை நிற்கவில்லை. சூழலின் சான்றிலிருந்து ஊகித்தே இந்த இடத்துக்கு வந்திருக்கிறது. சில விலக்குகள் சில தாய்மாருக்குத் தீங்கு செய்திருக்கலாம். ஆனாலும் ‘நேரக்கூடிய’ என்ற சொல்லுக்கு, மாறிய நிலத்தைத் தவிர வேறு எதுவும் இவ்வளவு பொருத்தமாக விளக்கம் தரவில்லை.

இது பழைய சண்டை மட்டுமல்ல. மலேசிய அரசுக் கிளினிக்குகளில் கர்ப்பிணியின் பதிவேட்டில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஆபத்தின் அளவு நிறத்தால் குறிக்கப்படுகிறது. சிவப்பு என்றால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். உயிர் காக்கும் ஏற்பாடு அது. தொலைதூரக் கிராமத்துத் தாய்மாரைப் பிரசவ நாளுக்கு முன்பே மருத்துவமனைக்கு அருகில் தங்கவைக்கும் விடுதிகளும் அப்படியே. அங்கே வந்து சேரும் பெண்ணிடம் என்னென்ன சாப்பிடக் கூடாது என்று மட்டும் கேட்டால் போல்டனின் கேள்வியோடு நின்றுவிடுவோம். சாப்பிடலாம் என்பவற்றில் எவை இப்போதும் ஊரில் கிடைக்கின்றன என்று அதே தாதி கேட்டால் வரலாற்றின் மறுபாதியும் பதிவேட்டில் ஏறும்.

அணை 1963, கட்டுரை 1972. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் பெர்த்தாம் கரைப் பெண்களின் தட்டில் எது முதலில் குறைந்தது, எது கடைசியாக? அந்த வரிசையைச் சொல்லக்கூடியவர்கள் அப்போது சிறுமிகளாக இருந்தவர்கள். இன்று அவர்கள் பாட்டிகள்.