கட்டடம் தப்பித்தது

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பிரவுன் கட்டடத்தில் இன்றைக்கும் வகுப்புகள் நடக்கின்றன. உயிரியலும் வேதியியலும் படிக்கும் மாணவர்கள் அதன் பத்து மாடிகளிலும் ஏறி இறங்குகிறார்கள். 1901இல் கட்டி முடித்தபோது அதன் பெயர் ஆஷ் கட்டடம். தீப்பிடிக்காத கட்டடம் என்று பெயர் வாங்கியது. அதில் பொய் எதுவும் இல்லை.

1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை. மேல் மூன்று மாடிகளில் ட்ரையாங்கிள் என்ற தையல் தொழிற்சாலை. பெண்களுக்கான மேல்சட்டை தைக்கும் இடம். எட்டாவது மாடியில் தீப்பிடித்தது. ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. வெளிப்புற இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது மாடியோடு நின்றுவிட்டது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்து பிழைக்க வந்த இளம்பெண்கள். கட்டடம் மட்டும் அப்படியே நின்றது.

இது எப்படி முடியும்? பதில் தேட லண்டனுக்கு, 1666க்குப் போகணும். அந்த ஆண்டுப் பெருந்தீயில் சுமார் 13,200 வீடுகள் எரிந்தன. பதிவான சாவுகளோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. அடுத்த ஆண்டே சட்டம் வந்தது: இனி நகரில் எழும் வீடுகள் செங்கல்லிலோ கல்லிலோ இருக்க வேண்டும், எந்தத் தெருவில் எத்தனை மாடி என்பதற்கும் கணக்கு. சில ஆண்டுகளில் தீக் காப்பீட்டு நிறுவனங்களும் வந்துவிட்டன. ஒரு வீட்டுத் தீ அடுத்த வீட்டுக்குத் தாவக் கூடாது, சொத்து அழியக் கூடாது. அந்தச் சட்டத்தின் கவலை அவ்வளவுதான். உள்ளே இருப்பவர் எப்படி வெளியே வருவார் என்று அது கேட்கவில்லை. ஆஷ் கட்டடம் அந்தச் சிந்தனையின் பேரப்பிள்ளை.

ட்ரையாங்கிளுக்குப் பிறகுதான் அந்தக் கேள்வியை அமெரிக்கா உரக்கக் கேட்டது. நியூயார்க் மாநிலம் தொழிற்சாலை விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. மாடியிலிருந்து பெண்கள் குதிப்பதைத் தெருவில் நின்று பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் அதில் வேலை செய்தார். பிற்பாடு அமெரிக்க அமைச்சரவையின் முதல் பெண் உறுப்பினர் ஆனவர் அவர்தான். தீ ஒத்திகை, வெளியேறும் வழிகள், உயரமான தொழிற்சாலைகளில் தானாகவே தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் என்று வரிசையாகச் சட்டங்கள் வந்தன. ஆனால் தொழிற்சாலையின் உரிமையாளர்கள் வழக்கில் விடுதலை ஆனார்கள்.

சரி, புதுசா கட்டுவதற்கு விதி எழுதிவிடலாம். ஏற்கெனவே நிற்கிறதே, அதை என்ன செய்வது? மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய தலைவலி. புதுப் பதிப்பில் ஓட்டையை அடைப்பது சுலபம். பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய பதிப்பில் கை வைக்கத்தான் எல்லாருக்கும் பயம். நாடுகளின் தீப் பாதுகாப்புச் சட்டங்கள் உண்மையில் பிரிந்து போவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ஜப்பானைப் பாருங்கள். 1972 மே மாதம் ஒசாகாவில் செனிச்சி பல்பொருள் அங்காடிக் கட்டடத்தில் தீ. மூன்றாவது மாடியில் பற்றியது. புகை ஏறி ஏழாவது மாடிக் கேளிக்கை விடுதியில் இருந்தவர்களைச் சூழ்ந்தது. 118 பேர் இறந்தார்கள். அது 1932இல் நாடக அரங்காக எழுந்த கட்டடம். அடுத்த ஆண்டே குமமோட்டோவில் இன்னொரு அங்காடியில் தீ. நூறு பேருக்கு மேல் சாவு. 1974இல் ஜப்பான் தன் தீயணைப்புச் சட்டத்தைத் திருத்தியது. அங்காடி, ஓட்டல், மருத்துவமனை போல மக்கள் கூடும் இடம் என்றால், எப்போது கட்டியிருந்தாலும் ஸ்பிரிங்க்ளர் போன்ற கருவிகளைப் பொருத்தியாக வேண்டும்.

அதோடு முடிந்ததா? இல்லை. 1982இல் டோக்கியோவின் ஓட்டல் நியூ ஜப்பானில் 33 பேர் இறந்தார்கள். ஸ்பிரிங்க்ளர் வைக்கச் சொல்லி அதிகாரிகள் சொல்லியும் நிர்வாகம் இழுத்தடித்திருந்தது. ஆனால் ஒரு வித்தியாசம்: சட்டம் தெளிவாக இருந்ததால், ஓட்டலின் தலைவர் சிறைத் தண்டனை பெற்றார்.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. 2007இல் 30 மீட்டருக்கு மேல் உயரும் புதிய குடியிருப்புகளுக்கு ஸ்பிரிங்க்ளர் கட்டாயம் ஆனது. பழையவற்றுக்கு இல்லை. 2009இல் லண்டனின் லக்கனால் ஹவுஸில் ஆறு பேர் இறந்த பிறகு, பழைய உயர்மாடிகளிலும் பொருத்த ஊக்குவியுங்கள் என்று மரண விசாரணை அதிகாரி 2013இல் அரசுக்கு எழுதினார். கட்டாயம் ஆகவில்லை. கிரென்ஃபெல் டவர் 1974இல் கட்டிய 24 மாடி, ஒரே படிக்கட்டு. 2016இல் முடிந்த புதுப்பிப்பில் எரியக்கூடிய பிளாஸ்டிக் உள்ளே வைத்த அலுமினியப் பலகைகளை அதன் மேல் போர்த்தினார்கள். ஸ்பிரிங்க்ளர் வைக்கவில்லை, சட்டம் கேட்கவும் இல்லை. 2017 ஜூன் 14 அதிகாலை 72 உயிர்கள் போயின. அதன் பிறகு புதுச் சட்டங்கள் வந்தன. ஆபத்தான பலகைகளைக் கழற்றும் செலவு யாருடையது என்று வீட்டுக்காரர்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். பழைய கட்டடம் என்று வந்தாலே கேள்வி கடைசியில் காசில் போய்த்தான் நிற்கிறது.

நம்ம ஊரில்? 1970இலிருந்து தேசியக் கட்டட விதித்தொகுப்பு இருக்கிறது. தீப் பாதுகாப்புக்குத் தனிப் பகுதியே உண்டு. ஆனால் அது ஒரு பரிந்துரை. மாநிலமும் உள்ளாட்சியும் தம் விதிகளில் சேர்த்துக்கொண்டால்தான் அதற்குப் பல் முளைக்கும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சமையலறைத் தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். இனி கட்டும் பள்ளிகளுக்கு மட்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருந்த பள்ளிகளின் கீற்றுக் கூரைகளைப் பிரிக்க உத்தரவு போனது. 2009இல் உச்ச நீதிமன்றமும் நாடு முழுக்கப் பள்ளிகளின் பாதுகாப்புக்கு ஆணையிட்டது. அதாவது பழைய கட்டடத்துக்குள் சட்டம் நுழைய முடியும். நாமே ஒருமுறை நுழைத்திருக்கிறோம், 94 பிள்ளைகளைக் கொடுத்த பிறகு.

இப்போதெல்லாம் ஏதாவது ஒரு தீ விபத்துக்குப் பின் கடும் விதிகள் வரப்போகின்றன என்று செய்தி வந்தால், நான் முதலில் தேடுவது ஒரு வரியைத்தான்: இது எந்தத் தேதிக்குப் பின் கட்டியவற்றுக்குப் பொருந்தும்? தேதி போட்டிருந்தால், நம்மில் பெரும்பாலோர் குடியிருக்கும் வீடுகளும் வேலை செய்யும் மாடிகளும் அதற்கு வெளியே நிற்கின்றன.